இரண்டு வெள்ளி நாற்பது காசுக்குப் பனி

இரவு ஒரு மணிக்குத் தள்ளுபடி திறக்கும்.
நாலே காலுக்கு நான் டிப்போவில் நிற்க வேண்டும்.
இடையில் இருப்பது தூக்கமா, பேரமா?

நாற்பது விழுக்காட்டுக்கு நான் அசைவதில்லை.
அறுபதுக்குப் புருவம் மட்டும்.
எண்பதைத் தாண்டினால்தான் நாற்காலியை இழுப்பேன்.
மூன்று வருடம் காத்துக் கிடந்த ஆட்டம் இது.
பழைய விலைமேல் கோடு கிழித்திருப்பதைப் பார்க்கையில்
ஊரார் அவசரத்துக்கெல்லாம்
எனக்கு வட்டி வந்ததுபோல் இருக்கிறது.
இரண்டு வெள்ளி நாற்பது காசு.
கீழே கோப்பிக்கடையில்
ஒரு தே பெங், மிச்சம் சில்லறை.

கணினி இருப்பது பாம் ஷெல்டரில்.
ஈசூனில் மூவறை வீடு, வேறு எங்கே வைப்பது?
கூடத்தில் மகளின் கீபோர்டு,
படுக்கையறையில் இன்பவல்லியின் தையல் மிஷின்.
ஆக, போருக்கென்று கட்டிய சுவர்களுக்குள்
அரிசி மூட்டைக்கும் தீபாவளி விளக்குப் பெட்டிக்கும் நடுவே
ஒன்றரை அடி மேசை.
அந்தக் கான்கிரீட்டை வைஃபை கடக்காது.
சுவரைத் துளைத்துக் கேபிள் விடச் சட்டம் இடம் தராது.
அதனால் இரும்புக் கதவு
எப்போதும் ஒரு விரல் திறந்தே கிடக்கும்.
"குண்டு விழுந்தா முதல்ல உங்க வயரைத்தான் பிடுங்குவேன்"
என்கிறாள் இன்பவல்லி.
நியாயம்தான்.

ஈரக்காற்று கணினியைத் தின்னாமல் இருக்க
காலணிப் பெட்டிகளில் வரும் சின்னப் பொட்டலங்களை
மகள் சேர்த்துத் தருகிறாள்,
ஒன்றுக்கு ஐந்து காசு என்று கணக்கெழுதி.
யாருடைய பிள்ளை.

கிராபிக்ஸ் கார்டு கைருலிடம் வாங்கியது.
அட்மிரல்ட்டி ஸ்டேஷனில், டிக்கெட் வாயிலுக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் அவன், கையில் டயப்பர் பெட்டி.
முந்நூற்று இருபது என்றான்.
இருநூற்று எண்பது என்றேன்.
"பாங், மே மாசம் பிள்ளை பிறக்குது" என்றான்.
அதற்குமேல் என் வாய் பேரம் பேசவில்லை.
கொடுத்துவிட்டு ரயிலேறிய பிறகு
செய்தி அனுப்பினான்:
இடது விசிறி சில நேரம் முனகும், லேசாகத் தட்டினால் போதும்.
இப்போதும் முனகுகிறது.
தட்டும்போதெல்லாம் நினைப்பேன்,
அந்தப் பிள்ளைக்குப் பல் முளைத்திருக்கும்.

வாங்கிச் சேர்த்தவை இருநூற்றுப் பதினேழு.
முடித்தவை ஒன்பது.
போன மாதம் ஒன்றை ஆசையாய் அழுத்தினேன்,
"ஏற்கெனவே உங்களிடம் உள்ளது" என்றது திரை.
விருந்தில் யாரோ என் இலையின் மிச்சத்தைப்
பார்த்துவிட்டதுபோல் இருந்தது.

சரி, இன்று வாங்கியது என்ன?
சிரிக்கக் கூடாது.
பேருந்து ஓட்டும் ஆட்டம்.

இறங்கி முடிய மணி இரண்டு பத்து.
ஏதோ ஒரு மலை நாடு. பனி.
பதினெட்டு வருடம் ஸ்டீயரிங் பிடித்தவன்
முதல் வளைவிலேயே வேலியில் மோதினேன்.
முதல் நிறுத்தத்தில் சிவப்புத் துண்டு கட்டிய பெண்.
கதவைத் திறந்தேன்.
அவள் ஏறவில்லை.
ஏதோ கோளாறு, படியில் முட்டி முட்டி
நின்ற இடத்திலேயே நடக்கிறாள்.
எனக்கு இது புதிதாயிருந்தது:
பின்னால் ஹாரன் இல்லை,
கட்டுப்பாட்டு அறையிலிருந்து குரல் இல்லை,
இரண்டு நிமிடத் தாமதத்துக்கு விளக்கம் கேட்க யாருமில்லை.
காத்திருந்தேன்.
பனி அவள் தோளில் விழுந்து மறைந்தது.
ஷெல்டருக்குள் முப்பத்து மூன்று பாகை,
என் பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது.

மூன்றரைக்கு அலாரம்.
பாதி வழியில் சேமிக்க முடியாதாம்.
திரையை மட்டும் அணைத்துவிட்டுச் சட்டை மாட்டினேன்.

மின்தூக்கியில் மனம் கணக்குப் போட்டது.
மணிக்கு ஒன்பது காசு மின்சாரம்,
திரும்பி வரப் பன்னிரண்டு மணி நேரம்,
ஒரு வெள்ளி எட்டுக் காசு.
வாங்கிய விலையில் ஏறக்குறையப் பாதி.
தரைத்தளம் வந்து கதவு திறந்தது.
பொத்தான்மேல் விரலை வைத்தபடி
கொஞ்ச நேரம் நின்றேன்.
மேலே போகவில்லை.