அலை இல்லாத எழுத்து

மூன்று செருப்புப் பெட்டிகள்.
ஒன்றின் மேல் இன்னும் ஒட்டியிருக்கிறது
அளவு நாற்பத்திரண்டு என்று,
யாருடைய காலோ.

சூக்ரே நகர ஆவணக் காப்பகத்தின் பின்னறையில்
துருப்பிடித்த குண்டூசிகளைப் பிடுங்குவது என் வேலை.
படிப்பது வேலையில் சேராது.
படித்தேன்.

எலியோடோரோ அந்தேசானா, கர்னல்.
பொனிஃபாசியோ, பிற்பாடு அமைச்சர்.
கால்விமொன்டெஸ், பட்டாளத்து மருத்துவர்,
இருவருக்கும் நடுவில் தபால்பெட்டியாக இருந்தே கிழவரானவர்.
இரு வீட்டுக் காகிதமும் கடைசியில் அவரிடம்தான் வந்து சேர்ந்தது.

சாக்கோ போரில் ஒரே கிழங்கைச் சப்பியவர்கள்.
மண்ணுக்கடியில் பூசணி அளவு வீங்கிக் கிடக்குமாம்,
பிழிந்தால் ஒன்றரைக் குவளை, கசப்பு.
அதைப் பற்றி ஒரே ஒரு கடிதம்.
மீதியெல்லாம் பல்வலி, ஆலங்கட்டி மழை,
கோச்சபாம்பாவில் பீச் பழத்தின் விலை,
யார் மனைவி யாரோடு பேசுவதில்லை.

பொனிஃபாசியோவின் தட்டச்சில் ஓர் எழுத்துக்கு நோய்.
ஸ்பானிய மொழியில்
தலைமேல் சிற்றலை சுமக்கும் எழுத்து அது.
அலை தேய்ந்துவிட்டது.
அலை போனால் ‘ஆண்டு’ என்ற சொல்
‘ஆசனவாய்’ ஆகிவிடும்.

ஒவ்வொரு ஜனவரியும்:
“வளமான புதிய ஆசனவாய்க்கு வாழ்த்துகள், நண்பா.”
ஒவ்வொரு பிப்ரவரியும் கர்னலின் பதில்:
“வந்து சேர்ந்தது. பழையதே இன்னும் வேலை செய்கிறது.”
பத்தொன்பது வருஷம் இதே பகடி.
நான் பதினோராவதில்தான் சிரித்தேன்.

பிறகு நூற்றுப் பதினெட்டாம் தாள்.
கடிதம் அல்ல. அரசு முத்திரை.
கர்னல் அந்தேசானா நாற்பத்தெட்டு மணி நேரத்தில்
அரிக்கா போகும் ரயிலில் ஏறி
நாட்டை விட்டு வெளியேற வேண்டும்,
இரண்டு ஆண்டுகளுக்கு.
அந்த ஆண்டிலும் அலை இல்லை.
குமாஸ்தா அடித்ததல்ல.
ராத்திரி, வீட்டில், விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு
அமைச்சரே அடித்திருக்கிறார்.
தலையெழுத்து என்கிறோமே,
அந்த எழுத்தின் தலையில் ஒன்றுமில்லை.

அரிக்காவிலிருந்து ஒரு தபாலட்டை, கப்பல் படம் போட்டது:
“இரண்டு ஆசனவாய் விதித்திருக்கிறாய்.
ஒன்றோடுதான் பிறந்தேன், மற்றதை எங்கே வைக்க?
இங்கே கடல் பெரிதாக இருக்கிறது.
குடிக்க முடியாது.”

நேற்று அமைச்சரின் பேத்தி வந்திருந்தாள்.
நூற்றுப் பதினெட்டை மட்டும்
குடும்பத்துக்குத் திருப்பித் தர முடியுமா என்றாள்,
மரியாதையாகத்தான் கேட்டாள்.
படிவம் ஏழை நிரப்பிக் கொடுங்கள் என்றேன்.
படிவம் ஏழு தீர்ந்துபோய் மூன்று வருஷமாகிறது.

அவளிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு.
கர்னல் நாடு திரும்பிய பிறகு வந்த முதல் வாழ்த்தில்
அலை இருந்தது.
இயந்திரத்தைப் பழுது பார்த்தாயிற்று,
பிழையில்லாத புத்தாண்டு.
அதன் மேலேயே நீலப் பென்சிலால் எழுதித்
திருப்பி அனுப்பியிருக்கிறார் கர்னல்:
“இந்த ஆளை எனக்குத் தெரியாது.”

அப்புறம் நான்கு வருஷம் ஒன்றுமில்லை.
மருத்துவரின் சீட்டுகள் மட்டும், தனித்தனி உறையில்,
இருவருக்கும் உப்பைக் குறைக்கச் சொல்லி.

ஐந்தாம் ஜனவரி, மீண்டும் ஆசனவாய்.
உருப்பெருக்கி வைத்துப் பார்த்தேன்.
பழைய தாள்களில் எழுத்தின் தலை
தேய்ந்து வழுக்கையாக இருக்கும்.
இதில் கீறல்கள். சரிவாக, மூன்று.
அமைச்சராக இருந்த மனிதர்
ஐம்பத்தைந்து வயதில், கண்ணாடியை மாட்டிக்கொண்டு,
புத்தம்புது அச்சின் அலையை
அரத்தால் ராவியிருக்கிறார்.

கர்னலின் பதில் பெட்டியில் இல்லை.
எழுதினாரோ என்னவோ.
ஆனால் இந்தத் தாளின் மூலையில்
துருவேறிய இரண்டு துளைகள்.
இதோடு சேர்த்து
ஏதோ ஒன்றைக் குத்தி வைத்திருந்தார்கள்.