எட்டு மில்லிமீற்றர்

நேற்று எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில்
மக்சிமஸின் கட்டி
இடது காதுக்கு மேலே, மூன்று சென்ரிமீற்றர் ஆழத்தில்
சொன்ன இடத்தில் இருந்தது.

இன்று பத்து இருபதுக்கு ஓட்டைத் திறந்து
சவ்வைக் கீறினோம்.
நீர் வடிய வடிய
மூளை மெல்லத் தாழ்ந்தது.
திரையில் மட்டும் எல்லாம் நேற்றுப்போலவே.
பச்சைச் சிலுவை ஒரு வெற்றிடத்தைத் தொட்டு
இங்கேதான் என்றது,
போன வருடம் இடித்த கடைக்கு
இன்னமும் வழி சொல்லும்
மருதானை ஓட்டோக்காரனைப்போல.

"எவ்வளவு?" என்றார் வீரக்கோன், தலை நிமிராமல்.
ஒலிமுனைக்கு உறை மாட்டி, உப்புநீர் வார்த்து
வைத்தும் வைக்காமலும் வைத்தேன்.
சாம்பல் நிற மழைக்குள்
கட்டி தெரிந்தது.

எட்டு மில்லிமீற்றர், சேர்.
ஒன்று கூடலாம், குறையலாம்.

அந்த எட்டுக்குள் இருக்கக்கூடியவை:
வலது கைப் பெருவிரல்,
உப்பு என்கிற சொல்,
மகளின் பெயரில் முதல் எழுத்து.

சம்மதப் படிவத்தோடு போன மாலை
மக்சிமஸ் கேட்டார்:
"சத்தத்தை வச்சா பாப்பீங்க?
முகத்துவாரத்தில எங்கட போட்லயும் இருக்கு.
மீனையும் காட்டும்.
நுரையையும் மீன் எண்டு காட்டும்.
எத்தினை பாகம் ஆழம்?"
மூன்று சென்ரிமீற்றர் என்றேன்.
"அட, கரைதானே!"

கட்டி வந்தபின்
குழியில் நீர் நிரப்பி மறுபடி பார்த்தேன்.
அடியில் ஒரு வெள்ளை விளிம்பு.
மிச்சமா?
நீருக்குள் ஒலி களைப்பதில்லை,
களைக்காமல் போய்ச் சேர்ந்த இடத்தில்
இல்லாததையும் பளிச்சென்று காட்டும்.
முனையைச் சரித்தேன். நீரை உறிஞ்சச் சொன்னேன்.
விளிம்பு மங்கியது.
போய்விடவில்லை.

"ஷுவரா?"

இல்லை, சேர்.
இந்த இரண்டு சொல்லைச் சொல்லப் பழக
எனக்குப் பதினொரு வருடம் பிடித்தது.
உறிஞ்சிக் குழாயின் இரைச்சலில்
அவர் கொஞ்ச நேரம் நின்றார்.
பிறகு கருவியைத் தட்டில் வைத்தார்.
விளிம்பை விட்டுவிட்டோம்.

ஆறரைக்கு வார்டில்
பெருவிரலைத் தூக்கச் சொன்னேன், தூக்கினார்.
கட்டிலோரம் நின்ற மகளைப் பார்த்தார்.
ஷெ... என்றார். ஷெ...
பக்கத்துக் கட்டில்காரரும் மூச்சைப் பிடித்தார்.
ஷெரோமி.

வெள்ளிக்கிழமை மறுபடி எம்.ஆர்.ஐ.
அதுவரை என் குறிப்புப் புத்தகத்தில்
அந்த வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில்
பென்சிலால் ஒரு சொல்:
நுரை?