ஈரச் சில்லறை

பிப்ரவரியில் டுலூத் ஏரி வேலைக்குப் போவதில்லை.
தாதுக் கப்பல்கள் பனியில் இடுப்பளவு புதைந்து நிற்க,
இருநூற்றுப் பதினான்காம் அறையில்
பதினோரு பிள்ளைகளின் பொறுப்பில்
யாரோ எழுதிவைத்துச் செத்த இரண்டாயிரம் டாலர்.
பரீட்சை இல்லாத பாடமென்று சேர்ந்தவர்கள்.
"ஒரு சென்ட்கூட உங்களுடையதல்ல,
கொடுக்கப்போவது மட்டும் நீங்கள்"
என்று மிஸ் வுவோரி சொன்ன நாள்முதல்
ஒருவருக்கும் சரியான தூக்கமில்லை.

வந்த மனுக்கள் மூன்று.
டயாலிசிஸுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேன்.
கரையோரப் பிள்ளைகளுக்கு நீச்சல்.
கடைசியாக, அரைப் பக்கத்தில்:
இரவுத் தங்குமிடத்தில் இருப்பவர்கள்
துணி துவைக்கச் சில்லறை.
கோல்பி சிரித்தான். சில்லறையா?
மூழ்குகிற பிள்ளைக்குத் துவைத்த சட்டை எதற்கு?
நாறும் சட்டையோடு வேலை கேட்டுப் பார் என்றாள் ஜோசி பெலாங்ஜர்.
அவ்வளவுதான் சொன்னாள்.
ஆறுக்கு ஐந்து. சில்லறை ஜெயித்தது.
தோற்ற ஐவரும் ஒரு வாரம் முகம் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

பிறகுதான் நிபந்தனையின் இரண்டாம் பத்தி:
இதே அளவு ஊரிடமும் வாங்கி வந்தால்தான்
இது உங்கள் கைக்கு வரும்.

ஒத்திகை பார்த்தார்கள்.
கண்ணைப் பார். தொகையைச் சொல். பிறகு வாயை மூடு.
மௌனத்தை முதலில் உடைப்பவர் தோற்றார்.
பல் மருத்துவர் நூறு தந்தார், புகைப்படம் எடுத்த பிறகு.
வங்கி பேனாக்கள் தந்தது.
கம்பளக் கடை அடுத்த மாதம் வரச் சொன்னது.

ஆர்வில் ஸ்டென்க்விஸ்ட்டின் கார் கழுவுமிடத்துக்கு
ஜோசியோடு போனவன் கோல்பி; சீட்டு அப்படி விழுந்தது.
சாலை உப்பைக் கழுவ வண்டிகள் வரிசை.
நீராவியில் அவள் கையிலிருந்த புள்ளிவிவரம்
மையாக ஒழுகிப் போயிற்று.
எத்தனை சதவீதம், எத்தனை குடும்பம், எதுவும் நினைவில்லை.

நமக்கு மூன்று சொல் உண்டு.
தாழ்ந்து நிற்பவன் கேட்டால் ஈ.
தோளோடு தோள் நிற்பவன் கேட்டால் தா.
மேலே நிற்பவன் கேட்டால் கொடு.
அவள் மொழியில் மூன்றுக்கும் ஒன்றே.
எதைச் சொன்னாள் என்பதை
அவள் நின்ற விதத்தில்தான் படிக்க வேண்டும்.

"துவைக்க மூணே கால். காய வைக்க ஒன்றே முக்கால்.
அம்மாவும் நானும் வெளியே இருந்த குளிர்காலம்
துவைப்போம், காய வைக்க மாட்டோம்.
ஈர ஜீன்ஸோடு பேருந்து நிறுத்தம்வரை நடந்தால்
துணி பலகையாகிவிடும்.
கழற்றிவைத்தால் தானாக நிற்கும்.
ஐந்நூறு டாலர் வேண்டும்."

பிறகு மௌனம். ஒத்திகை பார்த்த மௌனமல்ல.
தூரிகைகள் ஒரு லாரியை முழுக்கத் தேய்த்து முடித்தன.
"இன்றைக்கு இல்லை" என்றார் ஸ்டென்க்விஸ்ட்.
மறுப்பு என்று கோல்பி நோட்டில் எழுதினான்,
எழுத்து கோணலாக.

வியாழக்கிழமை பள்ளி வாசலில்
பெயின்ட் வாளி இரண்டு.
உள்ளே கால் டாலர்கள்,
ஒன்றோடொன்று உறைந்து, ஒரே கல்லாக.
மூடியில் கார்பன் பென்சில்:
*சோப்பு வாடை போகாது. வங்கிக்குக் கொண்டுபோகாதீர்கள்,
எண்ணுவதற்குக் கூலி பிடிப்பான். இயந்திரம் இதைத்தான் தின்னும்.*

ரேடியேட்டர்மேல் வைத்து உருக்கினார்கள்.
அறையெங்கும் செயற்கை எலுமிச்சை.
மூன்று முறை எண்ணினார்கள், மூன்று தொகை வந்தது.
கடைசியில் அறுநூற்றுப் பதிமூன்று என்று
களைப்பில் ஒப்புக்கொண்டார்கள்.
அதற்குள் கனடா நாணயம் பத்தொன்பது,
ஒரு பொத்தான், யாருடைய கோட்டிலிருந்தோ.

கருத்த விரல்களோடு கோல்பி கேட்டான்,
தலை நிமிராமல்:
"நிஜமாகவே நின்றதா, ஜீன்ஸ்?"
"ஒரு கால் நின்றது" என்றாள் ஜோசி.
"மற்றது மடங்கிவிட்டது."

இன்னும் முந்நூற்று நாற்பது குறைகிறது.
பட்டியலில் அடுத்து, படகு எஞ்சின் கடை.
கோல்பி தன் தொப்பியைத் தேடுகிறான்.