மூன்றாம் வாரம், மறுபடியும்

லிஃப்டை விட்டு வாசல் கதவைத் தள்ளியதும்
மூக்குக் கண்ணாடி வெளுத்துவிடுகிறது.
சட்டை நுனியால் துடைத்துத் துடைத்து
ஷார்ஜாவைக் கொஞ்சம் கொஞ்சமாக வரவழைக்கிறேன்:
முதலில் சிக்னலின் பச்சை,
பிறகு பாதி பேரீச்சை மரம்,
பிறகு ஏரிக்கரை, விளக்குக் கம்பங்கள்.
செப்டம்பர். ஐந்தே கால்.
ரமீஸா தொழுதுவிட்டு
ஷூவைப் படியிலேயே மாட்டிக்கொண்டு இறங்குகிறாள்.

ஏழாம் வாரத்தில் இருந்தேன் நான்.
இருபத்தைந்து நிமிடம், நிற்காமல்.
அதைப் படம் பிடித்து அண்ணனுக்கு அனுப்பினேன்.
யார் துரத்தினது என்று கேட்டான்.
அந்த வாரமே கிளினிக் மாடிப்படியில்
பல் அச்சு ட்ரேயோடு ஒரு படி தவறியது.
ட்ரேயைக் காப்பாற்றிவிட்டேன்.
கணுக்கால்தான்.

ஐந்து வாரம் கழித்து
விட்ட இடத்திலிருந்தே தொடங்கினேன்,
மடித்து வைத்த பக்கத்தைத் திறப்பதுபோல.
உடம்பு எந்தப் பக்கத்தையும் மடித்து வைக்கவில்லை.
ஆறாவது நிமிடத்தில், படகுத்துறைக்கு முன்னால்
முட்டியைப் பிடித்துக் குனிந்து நின்றேன்.
துடைப்பத்தோடு வந்த ஆள்
என் கால்களைச் சுற்றிப் பெருக்கிவிட்டு
ஒன்றும் கேட்காமல் போனான்.

ஆக, மூன்றாம் வாரம்.
தொண்ணூறு நொடி ஓட்டம், தொண்ணூறு நொடி நடை,
மூன்று நிமிடம், மூன்று நிமிடம்,
திரும்ப முதலிலிருந்து.
பின்னால் போகும் பட்டனை அழுத்தினால்
போன் கேட்கிறது: நிச்சயமாகவா?
முந்தைய கம்பெனியில் விசாவை ரத்து செய்தபோது
இப்படி யாரும் கேட்கவில்லை.

பதினோரு வருஷமாக ஊர் போனில் ஒரே கேள்வி:
எப்படி ஓடுது?
ஒரே பதில்: ஓடுது.
மூன்று மாதச் சம்பளம் நின்றபோதும் ஓடுது.
ஒரு ராத்திரி முழுக்க ஒன்றுமே ஓடாதபோதும்
ஓடுது.
நடக்குது என்று சொல்லிப் பார்த்திருக்கலாம்.
சொன்னால் பதறியிருப்பார்கள்,
என்ன நடந்துச்சு, என்ன நடந்துச்சு என்று.
லீவில்தான் கொஞ்சம் நடை என்பார்கள் இங்கே.
எங்கே?
பத்திர ஆபீஸ், பேங்க், நாலு கல்யாணம்,
ஒரு எக்ஸ்ரே.
திரும்பி விமானத்தில் உட்காரும்போதுதான்
மூச்சே இறங்கும்.

ரமீஸாவும் நானும் ஒரே நாளில் தொடங்கினோம்.
அவள் இப்போது எட்டாம் வாரம்.
முன்னே போய்விடுவாள், மசூதி தாண்டித் திரும்புவாள்,
எங்கேயோ ஒரு கம்பத்தடியில் எதிரெதிரே கடப்போம்.
அந்த நேரம் நான் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.
இதற்காகக் கணக்குப் போட்டிருக்கிறேன்,
வெட்கமில்லாமல்,
ஷூ லேஸை இரண்டு தரம் கட்டி,
ஒருநாள் காரணமின்றித் தண்ணீர் குடித்து.
தூரத்தில் அவளுடைய ஆரஞ்சுப் பட்டை தெரிந்தால்
மார்பை நிமிர்த்தி முழங்காலைத் தூக்கி
ஏதோ விளம்பரத்தில் வருகிறவள் மாதிரி.

இன்று கணக்கு தவறியது.
ஆரஞ்சுப் பட்டை தெரிகிறது,
காதுக்குள் அந்த லண்டன் பெண்
நடக்கச் சொல்கிறாள்.
ஓடலாம். அவளுக்கென்ன தெரியப்போகிறது.
கணுக்காலுக்குத் தெரியும்.
நடந்தேன்.
ரமீஸா வந்தாள், முகமெல்லாம் உப்பு,
மூச்சுக்கு நடுவே ஒரே ஒரு வார்த்தை:
'சாவி?'
பாக்கெட்டைத் தட்டிக் காட்டினேன்.
போய்விட்டாள்.

இவ்வளவுதான்.
அவள் பார்த்தது என் காலை அல்ல,
கதவு திறக்குமா என்பதை.

தண்ணீரில் ஏதோ துள்ளி விழுகிறது.
ஓடும்போது இது கேட்பதில்லை,
என் இரைப்பே பெரிய சத்தம்.
கைப்பிடிக் கம்பியோரம் ஒருவர்
சாக்ஸைச் சுருட்டி ஷூவுக்குள் செருகிவிட்டு
வெறுங்காலோடு நிற்கிறார், எதற்கோ.
இன்னும் நாற்பது நொடி இருக்கிறது.
கண்ணாடி மறுபடி வெளுத்திருக்கிறது.
துடைக்கத் தாராளம்.