பத்தொன்பதில் பதினாறு

வயாலாவில் ஒரு கால்பந்து கிளப் மூடியபோது
ஆறு டாலருக்கு ஒன்றென்று அள்ளிவந்த டாரில்
எனக்கு இரண்டு உருளை தந்தான்.
காசு வாங்கவில்லை.
ஒன்றின் அடியில் யாரோ ஆணியால் கீறியிருந்தார்கள்:
கெவினுடையது, தொடாதே.
எவர்சில்வர் என்றால் எங்கும்
பேர் வெட்டாமல் விடமாட்டார்கள் போல.

முதலில் தையலைத்தான் பார்த்தேன்.
வேலைப் புத்தி.
நகத்தை ஓட்டினால் எங்கும் தட்டவில்லை;
காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்தவன்
போட்ட வெல்டு.
நான் போட்டது அப்படி இல்லையென்று
இரண்டாம் முறையும் எழுதித் தந்துவிட்டார்கள்.
எக்ஸ்ரேயில் ஒரு புள்ளி,
கடுகைவிடச் சிறிசு.
அழுத்தக் குழாய்த் தேர்வில்
அதற்கும் காரம் உண்டு.

ஜெசிந்தாவிடம் "தாள் இன்னும் வரலை" என்றேன்.
கொட்டகை அலமாரியில்
ஹாப்ஸ் பொட்டலத்துக்கு அடியில் இருந்தது தாள்.

ஜனவரி. நாற்பத்திரண்டு டிகிரி.
கொடியில் காயும் வெள்ளைச் சட்டையில்
உருக்காலையின் செம்புழுதி.
கொதித்து ஆறிய மால்ட் சாற்றை ஊற்றி
ஈஸ்ட் தூவி மூடியை அமுக்கினேன்.
சக்கரம் வைத்த குப்பைத்தொட்டிக்குள் தண்ணீர்,
தண்ணீருக்குள் உருளை,
ஆறு மணிக்கொருமுறை உறைந்த பாட்டில்.
காய்ச்சல்காரப் பிள்ளைக்கு
ஈரத்துணி மாற்றுவதுபோல் என்று எழுதலாம்.
ஆனால் பிள்ளை அழும்.
இது வாய் திறக்காது.

கண்ணாடி ஜாடியில் நுரை ஏறுவது தெரியும், இறங்குவதும்.
இதில் காதை வைக்க வேண்டும்.
வைத்தேன்.
நாலு வீடு தள்ளி யாரோ
அப்பளம் பொரிக்கிற சத்தம்.

"பத்தொன்பது லிட்டர் பிடிக்கும்,
பதினாறோடு நிறுத்து" என்று சொல்லியிருந்தான் டாரில்.
நான் பதினெட்டு ஊற்றியிருந்தேன்.
வாங்கிய பாத்திரத்தில் காலி இடம் விட
மனசு வராத தூத்துக்குடிக்காரன்.

இரவு ஒன்றரைக்கு
வாயு போகிற வால்வை நுரை அடைத்துக்கொண்டது.
முள் நாற்பதில் நடுங்கியது.
வளையத்தை இழுத்தேன்.
பழுப்பாய் ஒரு பீச்சல்:
கூரை, என் முகம், அவள் சைக்கிள், அலமாரி.

டார்ச்சோடு வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.
சைக்கிளைத் துடைத்தாள். பொட்டலத்தைத் தூக்கினாள்.
தாளிலிருந்து நுரையை வழித்துவிட்டு
நின்றபடியே வாசித்தாள்.
கொசு கடித்தது. நான் அடிக்கவில்லை.
"தகுதி இன்னும் பெறவில்லைன்னு போட்டிருக்கான்."
"ஆமா."
"இன்னும்னு போட்டிருக்கான்ல?"
பிறகு,
"பக்கெட் எங்க?"

மூன்று வாரம்.
உள்குழாயின் நுனியை முன்பே
இரண்டு சென்டிமீட்டர் அறுத்திருந்தேன்,
படிந்தது படிந்தபடி கிடக்கட்டுமென்று.
அப்படியும் முதல் தம்ளர் கலங்கல்.
இரண்டாவதும்.
மூன்றாவதன் மறுபக்கம் அவள் விரல்கள் தெரிந்தன.

தேறல் என்பது கள்ளுக்குப் பழைய பேர்,
தெளிந்த கள்ளுக்கு.
காய்ச்சல் விட்டவனும் தேறுகிறான்,
பரீட்சை எழுதியவனும்.
ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
எத்தனை பேரைக் காக்க வைத்திருக்கிறது தமிழ்.

"வாழைப்பழ வாடை" என்றாள் ஜெசிந்தா.
சூடு கூடினால் அப்படித்தான்.
என்றாலும் தம்ளரைக் கீழே வைக்கவில்லை.

மார்ச் ஒன்பதில் மூன்றாம் தேர்வு.
அடுத்த சாறு ஆறிக்கொண்டிருக்கிறது,
அளந்து பதினாறு.
கழுவிக் கவிழ்த்த உருளையின் அடியில்,
கெவினுக்குப் பக்கத்தில்,
ஆணியும் சுத்தியலுமாய் உட்கார்ந்து
புள்ளி புள்ளியாய் எதையோ வெட்டுகிறாள்.
அவள் பேரா, என் பேரா,
நான் இன்னும் பார்க்கவில்லை.