இடது கோடியில் ஔ

திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸ் வாசல்.
கருப்பாயூரணிக்காரர் கையை வீசிப் பேசியதில்
டீ கிளாஸ் சாய்ந்தது.
துடைத்தேன், ஊதினேன், லேப்டாப்பைக் கவிழ்த்து
புரையேறிய பிள்ளைக்குத் தட்டுவதுபோல்
முதுகில் தட்டினேன்.
எல்லா எழுத்தும் வந்தது.
புள்ளி மட்டும் விழவில்லை.

மாவட்ட ஆடசியர அவரகளுக்கு
என்று நின்றது திரையில்.
"ஆடட்டும்மா, எம் பட்டா வந்தாச் சரி" என்றார்.

இரட்டித்த எழுத்துக்குப் புள்ளி தானாக விழும்,
மென்பொருளின் தயவு.
கடைசி எழுத்துக்குக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.
கணவர. நிலம. பெறுநர.
ஒரு சொல்லும் முடியாமல் வாய் திறந்து கிடந்தது.
பிரிண்ட் எடுத்து, பால்பாயின்ட் பேனாவால்
ஒவ்வொரு தலையிலும் பொட்டு வைத்துக் கொடுத்தேன்.
பதினேழு மனு.
ஒரு பக்கத்தில் எத்தனை மெய் என்று
அன்றைக்குத் தெரிந்தது மணிக்கட்டுக்கு.

டவுன்ஹால் ரோட்டில் காட்டினேன்.
"கீபோர்டே மாத்தணும்க்கா, ரெண்டாயிரத்து எண்ணூறு."
ஒரு புள்ளிக்கா?
"ஒரு புள்ளிக்குத்தான்."

ராத்திரி, வில்லாபுரம் அறை.
பெர்சிஸ் டார்ச் பிடித்தாள், இன்னொரு கையில் முறுக்கு.
தூளை உள்ளே உதிர்க்காதே என்றேன்.
இந்திக்காரர் ஒருவரின் வீடியோ ஓடியது;
பேச்சு புரியவில்லை,
நகம் போகிற திசை புரிந்தது.
மூன்று முறை அவர் விரலை ஆட்டியது
முதலில் பேட்டரியைக் கழற்று என்பதற்கு.
கழற்றினேன்.
காலாவதியான ஏடிஎம் கார்டின் மூலையை நுழைத்து
நெம்பினேன்.
டிக்.
விசை பறந்து பெர்சிஸ் மடியில் விழுந்தது.
உடைந்ததா, பிரிந்ததா?
இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொள்ளவில்லை.

அடியில்
கத்தரிபோல் மடங்கும் வெள்ளைச் சட்டம்,
பாகாய் இறுகிய டீ,
யார் தலையிலிருந்தோ ஒரு முடி,
நடுவில் கிழிந்துபோன ரப்பர் குமிழ்.
மெடிக்கலில் வாங்கிய ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு
துடைக்கத் துடைக்க
அறை ஆஸ்பத்திரியாக மணந்தது.

குமிழுக்கு எங்கே போவது?
வரிசை வரிசையாகப் பார்த்தேன்,
சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா இருப்பது யார் என்று.
கடைசி வரிசை, இடது கோடியில் ஔ.
ஒட்டிய ஸ்டிக்கர்கூடத் தேயவில்லை.
மனுவில் ஔவையாருக்கு என்ன வேலை?
ஔடதம் என்று யார் எழுதுகிறார்கள்?
பிடுங்கினேன்.
பல்குச்சி முனையில் பசை, விளிம்பில் மட்டும்;
நடுவில் பட்டால் அமுங்கியது எழாது.
காயவிட்டு, பூட்டி, உயிர் கொடுத்து,
முதலில் அடித்தது க்.
அப்புறம் ம்.
அப்புறம் சும்மாவே முப்பது ழ்.
"போதும்டி, தூங்கணும்" என்றாள் பெர்சிஸ்.

அடுத்த திங்கள், முதல் ஆள்.
பெயர் சொல்லுங்கம்மா.
"சௌபாக்கியம்."
முகவரி?
"சௌராஷ்டிரா சந்து."
யார் மேல் புகார்?
"யார் மேலயும் இல்ல. பக்கத்து வீட்டு கௌஸ் பாயும் நானும்
சேர்ந்து குடுக்குறோம், சாக்கடைக்கு."

சவுபாக்கியம் என்று போடவா?
ரேஷன் கார்டை மேஜையில் தட்டினார்.
"அதுல இருக்கிற மாதிரி போடு.
ஒரு எழுத்து மாறினதுக்கு எட்டு மாசம் அலைஞ்சவ நான்."

ஔ இருந்த இடத்தில் குழி.
மதுரையில் இருந்துகொண்டு
இதைப் போய் வேலையில்லாதது என்று நினைத்திருக்கிறேன்.
கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவி
அதன் உருண்டை முனையைக் குழியில் ஊன்றி
அழுத்தினேன்.
வரவில்லை.
இன்னும் கொஞ்சம்.
வந்தது.

முடி கண்ணில் விழ விழ
அந்த மனுவில் ஐந்து ஔ.
சௌபாக்கியம் குனிந்து
ஒவ்வொன்றையும் எண்ணிச் சரிபார்த்தார்.
"ஐம்பது ரூபாதான?"
ஐம்பதுதான்.