கொண்டைச் சிவப்பு

முட்டையிடும் பெட்டையின் அலகை
அடியிலிருந்து பார்க்க வேண்டும்.
மஞ்சள் அங்கிருந்துதான் கிளம்பும்.
கண்ணைச் சுற்றிய வளையத்தை விட்டு,
அலகை விட்டு,
கடைசியாகக் கால் செதிலையும் விட்டு,
கொஞ்சம் கொஞ்சமாய்
கருவுக்குள் குடிபோய்விடும்.
முப்பது முட்டை இட்டதற்கு
அலகு நுனியில் மட்டும் துளி மிச்சம்.
வெளுத்திருக்கிறதே என்று கழித்துவிடாதீர்கள்,
அது நோய் இல்லை, செலவு.

புதுவயல் அரிசி மில் வாசலில்
குருணை தின்று கொழுத்தவை உண்டு.
தூக்கினால் கை வலிக்கும்.
முட்டையை உடைத்தால்
கருவுக்கு மோர்க்குழம்பு நிறம்.
தவிட்டுக் குவியலுக்கு அப்பால்
குப்பைமேனியும் முருங்கைத் தழையும் கொத்தித் திரிகிற
ஒல்லிப் பெட்டை ஒன்றுக்கோ
ஓட்டுக்குள் பலாச்சுளை.
வெள்ளைக்கரு பூசி மெருகேற்றிய சுவர்கள்
நூறு வருஷமாய் முகம் காட்டுகிற சீமை இது.
அத்தனை மஞ்சளையும் யார் தின்றார்கள் என்று
எந்தப் பேரேட்டிலும் இல்லை.

மயில் கதை வேறு.
குன்றக்குடி அடிவாரத்தில் பொறுக்கிய இறகை
ஒருமுறை அம்மியில் வைத்துப் பொடித்தேன்.
நீலம் எங்கும் இல்லை,
பழுப்புத் தூள்தான்.
அது சாயம் அல்ல, கட்டிய விதம்.
கட்டுகிற நாளில் பசித்திருந்தால்
நீலமும் மங்கும்.

சந்தையன்று தடுப்பூசிப் பெட்டியோடு
புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.
செகப்பி கொண்டுவந்த சேவலுக்கு
கொண்டை அப்படி ஒரு சிவப்பு.
நிற்கிற நிற்பு மட்டும்
கொண்டை சொன்னதை ஒத்துக்கொள்ளவில்லை.
வால் தொங்கல். கண்ணில் அரைத்தூக்கம்.
தாடி வெளிறிக் கிடந்தது,
அங்கே தடவ மறந்திருக்கிறாள்.
கட்டைவிரலால் கொண்டையைத் தேய்த்தேன்.
நல்லெண்ணெயில் குழைத்த குங்குமம்.

"டாக்டரம்மா, வாங்கலாமா?"
காரைக்குடி மெஸ்காரர்,
கையில் எண்ணிவைத்த நோட்டு.
(நான் டாக்டர் இல்லை, மருந்தகத்தில் உதவியாளர்.
இந்த ஊர் அதைக் கேட்பதாயில்லை.)
செகப்பி நிமிர்ந்து பார்த்தாள்.
கீழ் இமையின் உள்விளிம்பு
ஈரப் பச்சரிசி மாவு.

"வயித்துல பூச்சி இருக்கு.
ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்றேன்.
எதன் வயிற்றில் என்று சொல்லவில்லை.
அவர் அடுத்த கூடைக்கு நகர்ந்தார்.

சேவலுக்கு மருந்து, சொட்டுச் சொட்டாய்.
"உனக்கு?" என்றேன்.
"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்."
"ஆஸ்பத்திரியில சத்து மாத்திரை சும்மா தர்றாங்க."
"அதத் தின்னா வயித்தப் புரட்டுது.
அன்னிக்குக் கூலி போயிரும்."
கொண்டையில் மிச்சமிருந்ததை
விரலால் வழித்தாள்,
தன் நெற்றியில் இட்டுக்கொண்டாள்.
"வீணாக்குவானேன்."
சிரித்துவிட்டோம், இரண்டு பேரும்.
கோழிக்கூடையைத் தலையில் ஏற்றுமுன்
ஒருதரம் மூச்சு வாங்க நின்றாள்.

பதிவேட்டில் எழுதினேன்:
சேவல், ஒன்று. கொண்டை வெளிறல். குடற்புழு மருந்து.
வளர்ப்பவர் பெயர்: செகப்பி.
அதற்கப்பால் கட்டம் இல்லை.

பெட்டிக்குள் ஒரு இறகு ஒட்டிக் கிடந்தது.
வெயிலுக்கு நேரே பிடித்தேன்.
குறுக்கே, மயிரிழை அகலத்தில்,
வெளிச்சம் ஒழுகும் ஒரு கோடு.
முளைத்துக்கொண்டிருந்த நாட்களில்
இரை கிடைக்காத ஒரு நாள்.
அந்த இறகு விழும்வரை
சேவல் அதைச் சுமந்தே திரிந்திருக்கிறது.

என் கட்டைவிரல் நகத்திலும் உண்டு,
ஐப்பசிக் காய்ச்சல் போட்ட பள்ளம்.
பாதி தூரம் ஏறி வந்துவிட்டது,
சித்திரைக்குள் வெட்டி எறிந்துவிடலாம்.

இப்போதைக்கு அதில்
கொஞ்சம் குங்குமம் தங்கியிருக்கிறது.
சோப்புக்கும் போகவில்லை.